எடை குறைந்த டிஎஸ்எல்ஆர் பாடியில் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட லென்ஸ்: மவுண்ட் தாங்குமா?

நீர்க்காகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கான் டி3500. பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்தே அதன் எடை 415 கிராம்தான். அதில் ஏஎஃப்-பி 70-300 விஆர் லென்ஸை மாட்டிப் பயன்படுத்தி வருகிறேன். அந்த லென்ஸும் ஏறக்குறைய அதே எடை என்பதால், நாள் முழுவதும் கழுத்தில் தொங்கினாலும் பாரம் தெரிவதில்லை. ஆனால் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று எடுக்கும்போது 300 மில்லிமீட்டர் போதவில்லை. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் படத்தில் மிகச் சிறியதாகவே விழுகின்றன. வெட்டிப் பெரிதாக்கினால் இறகின் நுணுக்கம் எல்லாம் கரைந்துவிடுகிறது.

ஆகவே நிக்கானின் 200-500 எஃப்5.6 லென்ஸை ஒருவர் கைமாறிய பொருளாக வாங்கலாமா என்று யோசிக்கிறேன். ட்ரைபாட் காலருடன் (முக்காலியில் பொருத்துவதற்காக லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையம்) அதன் எடை 2300 கிராம், அதாவது என் பாடியை, லென்ஸ் இல்லாத கேமராவை, போல ஐந்தரை மடங்கு. விசாரித்த இடத்தில் ஒருவர், இவ்வளவு சிறிய பாடியில் இதை மாட்டினால் நாளடைவில் மவுண்ட் (லென்ஸைப் பாடியோடு இணைக்கும் வளையம்) வளைந்துவிடும், முதலில் பெரிய பாடிக்கு மாறுங்கள் என்றார். இன்னொருவர், மவுண்ட் எல்லாப் பாடியிலும் ஒன்றுதானே, பயமில்லாமல் மாட்டுங்கள் என்றார். இருவரும் காரணம் எதுவும் சொல்லவில்லை. பெரும்பாலும் கையில் பிடித்துத்தான் எடுப்பேன். வேண்டுமானால் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) வாங்கிக்கொள்ளலாம். கையிருப்பு ஒன்றுக்குத்தான் போதும்: லென்ஸ் அல்லது பாடி. அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏரிக்கரை எழுதியது:

வணக்கம் நண்பரே. லென்ஸ் எத்தனை கிலோ என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, எது எதைத் தாங்குகிறது என்று பாருங்கள்; குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

நீங்கள் பாடியை மட்டும் பிடித்து, லென்ஸை முன்னால் நீட்டியபடி வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். 200-500 லென்ஸின் எடைமையம் மவுண்ட்டிலிருந்து ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2.3 கிலோவை 11 சென்டிமீட்டரால் பெருக்க, ஏறக்குறைய 25 கிலோ-சென்டிமீட்டர் அளவுக்கு வளைக்கும் விசை மவுண்ட்டில் விழுகிறது. ஜூமை 500 வரை நீட்டினால் முன்பக்கக் கண்ணாடிகள் இன்னும் முன்னே போவதால் அது மேலும் கூடும். இப்போது இதையே திருப்பிப் போடுங்கள். லென்ஸை இடக்கையில் ஏந்தியோ, அதன் காலரை மோனோபாடில் பொருத்தியோ வைத்திருக்கிறீர்கள். பாடி பின்னால் அந்தரத்தில் தொங்குகிறது. பாடியின் எடைமையம் மவுண்ட்டுக்கு 3 சென்டிமீட்டர் பின்னால் என்று கொண்டால், 0.415 கிலோவை 3 ஆல் பெருக்க ஒன்றேகால் கிலோ-சென்டிமீட்டர்தான் வருகிறது. அதே இரண்டு பொருள்கள், அதே மவுண்ட். பிடிக்கும் இடம் மாறியதும் விசை இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. உலக்கையை ஒரு முனையில் பிடித்து நீட்டுவதற்கும் நடுவில் ஏந்துவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. லென்ஸை ஏந்திப் பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டால், மவுண்ட்டைப் பொறுத்தவரை எடை குறைந்த பாடிதான் நல்லது. டி500 போன்ற 860 கிராம் பாடி பின்னால் தொங்கினால் அதே கணக்கில் இரண்டரை கிலோ-சென்டிமீட்டருக்கு மேல் வரும். உங்கள் டி3500 அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. "சிறிய பாடி, பெரிய லென்ஸ், ஆபத்து" என்று சொல்பவர்கள் பாடியைப் பிடித்துத் தூக்கும் ஆளைத்தான் மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள்.

எனவே சில பழக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள். பையிலிருந்து எடுக்கும்போது கை முதலில் லென்ஸுக்கோ காலருக்கோ போக வேண்டும்; பாடியின் பிடியைப் பற்றித் தூக்கக் கூடாது. கேமராவுடன் வந்த கழுத்துப் பட்டையில் இந்தச் சுமையைத் தொங்கவிடாதீர்கள். காலரின் அடியில் உள்ள திருகுத் துளையில் மாட்டும் தோள்பட்டை வார் வாங்குங்கள். முக்காலியிலோ மோனோபாடிலோ பொருத்துவதாக இருந்தால் லென்ஸின் காலரைத்தான் பொருத்த வேண்டும். பாடியின் அடியில் பொருத்தினால் மவுண்ட்டுக்கு மட்டுமல்லாமல், அடியில் உள்ள திருகுத் துளைக்கும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தகட்டுக்கும் கேடு; படமும் ஆடும். நடக்கும்போது ஜூமை 200இல் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள், அதற்கென்றே லென்ஸில் ஒரு பூட்டு இருக்கிறது. இல்லாவிட்டால் லென்ஸ் கீழ்நோக்கித் தொங்கும்போது குழல் தானாக நீண்டுகொண்டே போகக்கூடும்.

கரிச்சான் எழுதியது:

நண்பர் ஏரிக்கரையின் கணக்கில் பிழை காண முடியாது. ஆனால் கணக்கு வேறு, கைவலி வேறு. டி3500இன் பிடி சிறியது; என் கை சற்றுப் பெரியது என்பதால் சுண்டுவிரல் பிடிக்கு வெளியே போய்விடுகிறது. பின்னால் எடையே இல்லாமல் முன்னால் இரண்டு கிலோ இருக்கும்போது லென்ஸின் மூக்கு கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், மணிக்கட்டு சோர்ந்துவிடும். நான் டி7500 பாடிக்கு மாறியதும் இதே வகை லென்ஸ் கையில் நன்றாக அமர்ந்தது. அதன் எடை 720 கிராம், பிடியும் ஆழமானது. மவுண்ட் உடைவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சமநிலைதான் முக்கியம் என்பேன். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், கொஞ்சம் பொறுத்து இரண்டையும் சேர்த்து வாங்குவதே என் பரிந்துரை.

பழுதுமேசை எழுதியது:

கேமரா பழுதுநீக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் மவுண்ட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எடை குறைந்த பாடி என்றாலே மவுண்ட்டும் பிளாஸ்டிக் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மலிவு விலை 18-55 லென்ஸ்கள் சிலவற்றின் பின்பக்க வளையம் பிளாஸ்டிக்தான். ஆனால் டி3500 பாடியில் உள்ள வளையம் உலோகம். லென்ஸின் மூன்று கொக்கிகளும் அந்த வளையத்துக்குப் பின்னால் நுழைந்து திரும்பிப் பூட்டிக்கொள்கின்றன. வளையத்தின் உட்புறம் தகட்டு வில்கள் இருக்கின்றன. அவைதான் கொக்கிகளைப் பின்னோக்கி இழுத்து, லென்ஸின் முகம் பாடியின் முகத்தோடு அழுந்தி உட்காரும்படி செய்கின்றன. பாடியைப் பிடித்துக்கொண்டு பெரிய லென்ஸின் முனையை விரலால் லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மவுண்ட்டின் மேல் விளிம்பில் தலைமயிர் அளவு இடைவெளி தோன்றி மறையும். அது அந்த வில்கள் இளகிக்கொடுப்பதால் வருவது; கையை எடுத்ததும் மூடிக்கொண்டால் அஞ்ச வேண்டியதில்லை. அதேபோல் பூட்டுமுள் இருக்கும் துளையில் சிறிது இடம் விட்டிருப்பதால், லென்ஸை இடவலமாகத் திருகினால் கொஞ்சம் ஆடும். அதுவும் இயல்பே. இந்த இரண்டையும் பார்த்துப் பயந்து பாடியைக் கொண்டுவருபவர்கள் அதிகம்.

பயப்பட வேண்டியது வேறு. இடைவெளி தோன்றியபின் மூடாமல் நின்றாலோ, வளையத்தின் திருகுகளில் ஒன்று மற்றவற்றைவிட மேலெழுந்து தெரிந்தாலோ, மவுண்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத சாய்வைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. செய்தித்தாளின் ஒரு பக்கத்தைச் சுவரில் விறைப்பாக ஒட்டி, அதற்கு நேர் எதிரே முக்காலியில் கேமராவை வைத்து, சிறிய லென்ஸ் ஒன்றை அதன் முழுத் திறப்பில் வைத்து எடுங்கள். ஒரு பக்க எழுத்துகள் கூர்மையாகவும் எதிர்ப்பக்க எழுத்துகள் மங்கலாகவும் விழுந்தால், லென்ஸை மாற்றி மறுபடி எடுங்கள். எந்த லென்ஸை மாட்டினாலும் அதே பக்கம் மங்கினால் கோளாறு பாடியில். ஒரு லென்ஸில் மட்டும் மங்கினால் அந்த லென்ஸில். முக்காலி சுவருக்கு நேராக இல்லாவிட்டாலும் இதே போலத் தெரியும் என்பதால், அதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திருகு தளர்ந்திருந்தால் நீங்களே முறுக்க முற்படாதீர்கள். ஜப்பானியக் கேமராக்களில் உள்ள கூட்டல்குறித் திருகுகள் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில்தரம்) அளவில் செய்யப்பட்டவை. நம் வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்டார் திருப்புளி அவற்றில் முழுதாக உட்காராமல் தலையைத் தேய்த்துவிடும். தேய்ந்த தலையை எடுப்பது, தளர்ந்த மவுண்ட்டைச் சரிசெய்வதைவிடப் பெரிய வேலை.

என் மேசைக்கு வரும் மவுண்ட் பழுதுகளில், கையில் பிடித்துப் படம் எடுத்ததால் வந்தது என்று சொல்லக்கூடியது மிக அரிது. பெரும்பாலானவை விழுந்தவை, அல்லது பயணத்தில் அடிபட்டவை. லென்ஸை மாட்டியபடியே பையில் வைத்து, இருசக்கர வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு போகிறார்கள். லென்ஸ் பையின் நுரையில் அழுத்தமாக அமர்ந்திருக்கும், பாடிக்கு அடியில் மட்டும் வெற்றிடம் இருக்கும்; அல்லது பாடி சிக்கென அமர்ந்து லென்ஸ் ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் விழும் குலுக்கல், சும்மா நிற்கும்போது உள்ள எடையைப் போலப் பல மடங்கு. நீண்ட தூரம் போவதாக இருந்தால் லென்ஸைக் கழற்றித் தனியே வையுங்கள். மாட்டியபடிதான் போக வேண்டும் என்றால் இரண்டுக்கும் அடியில் சமமாக நுரை இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் பையை மூடுங்கள்.

இன்னொன்று: அடிக்கடி கழற்றி மாட்டும்போது பொன்னிற மின்தொடர்பு முனைகளில் அழுக்குப் படியும். திடீரென்று ஃபோகஸ் வேலை செய்யாமல் போனாலோ, திரையில் எஃப் எழுத்துக்குப் பின் எண் வராமல் கோடுகள் தெரிந்தாலோ, மவுண்ட் போய்விட்டது என்று முடிவு கட்டாமல், உலர்ந்த மென்துணியால் அந்த முனைகளைத் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டிப் பாருங்கள்.

ஏரிக்கரை எழுதியது:

நண்பர் பழுதுமேசைக்கு நன்றி. வில் தகடுகளைப் பற்றிய விளக்கம் இங்கே பலருக்கு உதவும்.

நண்பர் கரிச்சானின் கருத்தில் ஒரு பாதியை ஏற்கிறேன், மறுபாதியை ஏற்க இயலவில்லை. பிடி சிறியது என்பது உண்மை. கை பெரியவர்களுக்கு அது தொல்லைதான். ஆனால் பாடியின் எடை கூடினால் சமநிலை வந்துவிடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். முன்பு சொன்ன அதே உத்தேச அளவுகளை எடுத்துக்கொண்டால், டி3500உடன் இந்த லென்ஸின் மொத்த எடைமையம் மவுண்ட்டுக்கு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. 860 கிராம் டி500ஐ மாட்டினால் 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு சென்டிமீட்டர்கூட நகரவில்லை. இரண்டு நிலையிலும் அந்தப் புள்ளி லென்ஸின் குழலில்தான் இருக்கிறது, அதை ஏந்தப்போவது இடக்கைதான். அந்த இரண்டு சென்டிமீட்டருக்காக மொத்த எடை 2.7 கிலோவிலிருந்து 3.2 கிலோவாகக் கூடுகிறது. கூடிய அரைக் கிலோவும் அதே இடக்கையில்தான் இறங்கும்.

மணிக்கட்டு சோர்வதற்குக் காரணம், வலக்கை எடையைத் தூக்க முயல்வது. இடது உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, லென்ஸின் எடை விரல் நுனிகளில் இல்லாமல் உள்ளங்கையில் அமரும்படி வையுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வலக்கைக்கு வேலை பொத்தானை அழுத்துவது, கேமராவை நெற்றியோடு லேசாக அணைத்துக்கொள்வது, அவ்வளவுதான். வலக்கையைச் சற்று விலக்கினாலும் கேமரா அப்படியே நிற்க வேண்டும். அப்படி நின்றால் பிடி சரி.

எடை மிகுந்த லென்ஸுக்கு ஒரு நன்மையும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. விரல் நடுக்கம் போன்ற வேகமான சிறு அதிர்வுகள், நிறை கூடிய பொருளை எளிதில் அசைப்பதில்லை. கை சோரும்வரை 200-500 அமைதியாகவே நிற்கும். சோர்ந்தபின் வரும் மெதுவான ஆட்டம்தான் கேடு. ஆகவே பறவை வரும்வரை லென்ஸைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். 500 மில்லிமீட்டரை, உங்கள் பாடியின் சிறிய சென்சாருக்கு உரிய 1.5 ஆல் பெருக்கினால் 750 என்பதால், கையில் பிடிக்கும்போது ஷட்டர் வேகம் 1/800 நொடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அமர்ந்திருக்கும் பறவைக்கு விஆர் துணையுடன் இதைக் குறைக்கலாம்; பறக்கும் பறவைக்கு 1/1600 அல்லது அதற்கு மேல் வேண்டும், ஏனெனில் விஆர் உங்கள் ஆட்டத்தைத்தான் அடக்கும், பறவையின் சிறகை அல்ல.

நீர்க்காகம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மவுண்ட் பற்றிய அச்சம் நீங்கியது. வாங்குவதற்கு முன் அதே லென்ஸை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். டி3500இல் மாட்டிப் பார்க்கும்போது மவுண்ட்டைத் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்? சிக்மாவின் 150-600 கன்டெம்பரரியும் வாடகைக்குக் கிடைக்கிறது. அதன் எடை 1930 கிராம் என்பதால் அதையும் கணக்கில் கொள்ளலாமா?

நெட்டைக்காலி எழுதியது:

தாமதமாக வருகிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன், ஏனெனில் டி3500 விஷயத்தில் மவுண்ட்டைவிட இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

நிக்கானின் சிறிய பாடிகளில் ஃபோகஸை நுண்திருத்தம் செய்யும் வசதி கிடையாது. டி7500, டி500 போன்றவற்றில் ஒரு குறிப்பிட்ட லென்ஸ் சற்று முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் செய்தால், பாடியின் மெனுவிலேயே அதைத் திருத்திவிடலாம். டி3500இல் அது இயலாது. பெரிய பாடி வாங்குவதற்கு ஒரு காரணம் கேட்டால், எடையை அல்ல, இதைத்தான் நான் சொல்வேன். ஆகவே வாடகை நாளில் முதல் வேலையாக இதைச் சோதியுங்கள். லென்ஸின் காலரை முக்காலியில் பொருத்தி, 500இல், எஃப்5.6இல், எழுத்துகள் உள்ள ஒரு பெட்டியைப் பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் வையுங்கள். வியூஃபைண்டர் வழியே நடுப்புள்ளியால் ஃபோகஸ் செய்து சில படங்கள் எடுங்கள். பிறகு லைவ் வியூவில் (பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும் முறை) ஃபோகஸ் செய்து சில படங்கள். லைவ் வியூ சென்சாரிலிருந்தே ஃபோகஸைக் கணக்கிடுவதால், இந்த முன்பின் பிசகு அதில் வராது. இரண்டு வரிசைப் படங்களும் ஒரே கூர்மையில் இருந்தால் அந்த லென்ஸும் உங்கள் பாடியும் ஒத்துப்போகின்றன. லைவ் வியூ படங்கள் மட்டும் தெளிவாக இருந்தால், பறக்கும் பறவைக்கு அந்த இணை உதவாது. ஆனால் வாடகை லென்ஸ் ஒத்துப்போனதால் நீங்கள் பிறகு வாங்கும் லென்ஸும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. கைமாறிய பொருளை வாங்கும்போது, உங்கள் பாடியைக் கொண்டுபோய் அதே சோதனையை அங்கேயே செய்துபாருங்கள்.

சிக்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். எடை குறைவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, யுஎஸ்பி டாக் என்ற தனிக்கருவியைக் கணினியில் இணைத்து அந்த லென்ஸுக்குள்ளேயே ஃபோகஸைத் திருத்திக்கொள்ளலாம் என்பது. டாம்ரான் 150-600 ஜி2வுக்கும் டாப்-இன் என்ற அதே போன்ற கருவி உண்டு. பாடியில் இல்லாத வசதி லென்ஸில் கிடைத்துவிடுகிறது. மறுபக்கத்தில், 600இல் இவற்றின் திறப்பு எஃப்6.3 தான் (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்), டி3500இன் 11 ஃபோகஸ் புள்ளிகளில் நடுவிலுள்ளது மட்டுமே குறுக்கு வகை (நெடுக்கு, கிடை என இரு திசைக் கோடுகளையும் உணர்வது) என்பதால், மாலையில் வெளிச்சம் இறங்கியதும் நிக்கானின் எஃப்5.6 சற்றே முந்தி நிற்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், சோதனையில் நிக்கான் லென்ஸ் ஒத்துப்போனால் அதையும், போகாவிட்டால் சிக்மாவையும் எடுப்பேன்.

நடுப்புள்ளியை மட்டும் வைத்து, ஏஇ-எல் பொத்தானை மெனுவில் ஏஎஃப்-ஆன் (ஃபோகஸைத் தொடங்கும் பொத்தான்) ஆக மாற்றி, கட்டைவிரலால் ஃபோகஸ் செய்து பழகுங்கள். லென்ஸில் உள்ள விஆர் பொத்தானைப் பறக்கும் பறவைக்கு ஸ்போர்ட் நிலையில் வையுங்கள். இடக்கை முழு எடையையும் ஏந்தும்போது ஜூமைத் திருகுவது சிரமம் என்பதைச் சற்று நேரத்திலேயே உணர்வீர்கள். அதற்கு மோனோபாடே விடை. அதில் பொருத்தியபின் காலரின் திருகைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால், கேமராவைச் செங்குத்து நிலைக்கு மாற்றும்போது மோனோபாடைச் சாய்க்க வேண்டியிருக்காது. நிக்கானின் காலர் அடிப்பகுதி ஆர்கா (தகட்டை நழுவவிட்டு இறுக்கும் வகைத் தலை) வடிவில் இல்லை; அந்த வகைத் தலை உங்களிடம் இருந்தால், நீளமான தகடு ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். குட்டையான தகட்டில் லென்ஸை முன்பின் நகர்த்திச் சமன்செய்ய இடம் போதாது.